எஸ்கிலின் ஈரத்துணி

அந்த மண்தலை காய்ந்துவிடக் கூடாது. அந்தக் குளிர்காலம் முழுக்க எஸ்கிலுக்கு அது ஒன்றுதான் கவலை.

எங்கள் டென்மார்க் கரையோர ஊரில் நூலகத்துக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. செவ்வாய்தோறும் நாங்கள் நாலைந்து பேர் அங்கே போவோம். எல்லோரும் ஆளைப் பறிகொடுத்தவர்கள். விபேகே என்ற பெண் மண்ணையும் சாயத்தையும் கொடுத்து, வாயால் சொல்ல வராததைக் கையால் சொல்லச் சொல்வாள். அதுதான் அவள் வைத்தியம். எங்கள் வேலையில் தன் விரலை மட்டும் வைக்கவே மாட்டாள். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அங்கே கிண்ணங்களாகச் செய்து தள்ளினேன். ஒன்றாவது நேராக நின்றதா என்றால், இல்லை கண்ணுகளா.

எஸ்கில் தம்பியோடு மீன்பிடிப் படகில் போனவன். தம்பி ஐனாரைக் கடல் கொண்டுபோயிற்று, உடல் கிடைக்கவில்லை. அந்தத் தம்பியின் தலையைத்தான் மண்ணில் பிடித்து வைத்தான். விடைத்த காது, ஒரு பக்கம் கோணிய மூக்கு, எல்லாம் அப்படியே ஐனார்தான்.

"சூளையில வைக்கணும்னா இதை உள்ளே குடையணும் எஸ்கில்," என்றாள் விபேகே. "இப்படிக் கெட்டியா வெச்சா வெடிச்சிடும். உச்சந்தலையை அறுத்து, உள் மண்ணை எடுத்துட்டு, திரும்ப ஒட்டிடலாம்."

"அவன் தலையை நானே அறுக்கவா? கடல் பண்ணினது பத்தாதா?"

"சுடாம விட்டா, காய்ஞ்சு விரிசல் விடுமே."

"காய விட்டாத்தானே?"

அன்று முதல் தினமும் வந்தான். எதிர்க்காற்றில் மிதிவண்டியை உருட்டிக்கொண்டு வந்து, துணியை நனைத்துத் தலையைச் சுற்றிவிட்டுப் போவான். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்துவிட்டது.

"உன் பொண்டாட்டிக்கு ஒருநாளாவது இப்படி முகம் தொடைச்சு விட்டிருப்பியாடா?" என்று வம்புக்கு இழுப்பாள் பிர்தெ. எங்கள் கூட்டத்தில் வாய் ஓயாதவள்.

"அவ காய்ஞ்சு விரிசல் விடமாட்டா," என்பான். சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. துணியைப் பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஈரத்திலேயே ஊறி ஊறி முகம் குழைந்து போயிருந்தது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு மேடுதான் மிச்சம்.

"எந்தப் பக்கம் கோணியிருக்கும்?" என்று என்னைக் கேட்டான். "எனக்கு ஞாபகம் வரலியே."

"இடது பக்கம். சின்னதுல நீதானே துடுப்பால போட்டே? ஊருக்கே தெரியும்."

"ஆமா... நான்தான்."

உட்கார்ந்து மூக்கைத் திரும்பப் பிடித்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விபேகேயிடம் கையை நீட்டினான்.

"மண் அறுக்கிற அந்தக் கம்பியைக் கொடும்மா."

உச்சந்தலையை அறுத்து எடுத்து ஓரமாக வைத்தான். கரண்டியால் குடையத் தொடங்கினான். குடையக் குடையப் பேச்சு வந்தது. ஐனார் ராகமே இல்லாமல் பாடுவானாம். தூக்கத்தில் மீன் விலை பேசுவானாம்.

"கடைசி நாள் காலையில காபி கேட்டான். தீர்ந்துபோச்சுன்னுட்டேன். என் குடுவையில இருந்துச்சு."

சொல்லிவிட்டுக் கரண்டியால் இன்னும் ஆழமாகச் சுரண்டினான்.

உச்சியை மண்குழம்பு தடவித் திரும்ப ஒட்டினான். பக்கத்தில் குடைந்த மண் குவிந்து கிடந்தது.

"இதை வாளியில போட்டுடவா?" பிர்தெ மெதுவாகக் கேட்டாள்.

அவன் அதை என் பக்கம் தள்ளினான். "உன் கோணல் கிண்ணத்துக்கு ஆகும், வெச்சுக்கோ." பிறகு விபேகேயைப் பார்த்தான். "நாளைக்கு நான் வர வேண்டாமில்ல?"

"வேண்டாம் எஸ்கில். இனிமே அது மெதுவாக் காயட்டும்."

தலையாட்டினான். நாற்காலியில் சாய்ந்தவன், கையில் மண் காய்ந்துகொண்டிருக்க, அப்படியே தூங்கிப்போனான். நாங்கள் கோப்பைகளைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தோம். பிர்தெ அவன் மடியிலிருந்த ஈரத்துணியை உருவி, நன்றாகப் பிழிந்து, கொடியில் காயப் போட்டாள்.