நாயக் சின்னப்பையன், பையன் அல்ல

சிறுவேலிப்பாக்கம் பஞ்சாயத்துத் தலைவர் வரதன் தாராள மனதோடு செய்த காரியங்கள் குறைவு. அதனால் அன்று கூட்டத்தில் அவர் எழுந்து அந்தத் தீர்மானத்தைச் சொன்னபோது, உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சற்று பயமாகக்கூட இருந்தது.

"சுதந்தரம் வாங்கி நாப்பது வருசம் ஆவப் போவுது. இந்த ஆகஸ்டு பதினஞ்சுக்கு நான் கொடி ஏத்தறதா இல்ல. நம்ம ஊர்ல சண்டைக்குப் போயி மெடல் வாங்கினவன் எவனாயிருந்தாலும், எந்தத் தெருவாயிருந்தாலும், அவன் கையாலதான் ஸ்கூல்ல கொடி ஏறணும். அப்பிடி ஒருத்தனும் இல்லன்னா வேற வழியில்ல, நானே ஏத்தறேன்."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஊரில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் ஒரே ஒருவர்தான். காலனியில் இருக்கும் நாயக் சின்னப்பையன். நாயக் என்பது பட்டாளத்தில் அவர் வாங்கிய பதவி. வயது நாற்பத்தைந்து. மீசை நரைத்துவிட்டது. எதிரே வருகிறவர்கள் முதலில் மீசைக்கு வணக்கம் வைத்துவிட்டுப் பிறகு அவருக்கு வைப்பார்கள். போன வருடம் ஏதோ கையெழுத்துக்காக அவர் தன்னுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை வரதனிடம் கொண்டுபோனார். அதில் மெடல் என்ற கட்டத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதை வரதன் அப்போதே பார்த்து வைத்துக்கொண்டார். தாராள மனது அங்கிருந்துதான் வந்தது.

இது தெரியாத சின்னப்பையன் மறுநாள் காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைவர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். அங்கே நாற்காலிகள் இருந்தன. காலனிக்காரர்கள் அவற்றில் உட்கார்ந்தது கிடையாது. யாரும் உட்காரக் கூடாது என்று சொன்னதும் கிடையாது. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

வரதன் புத்தகத்தை வாங்கி, சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படி எழுத்துக் கூட்டினார்.

"மெடல்னு போட்டுகீது. எதிர்ல இன்னா போட்டுகீது? என், ஐ, எல். நில்." நிமிர்ந்து பார்த்தார். "கவர்மெண்டே உன்ன நில்லுன்னு எய்திக் குட்த்துகீது மிலிட்டரி. நீ இன்னாத்துக்கு நாற்காலியப் பாத்துக்கினு கீற?"

சின்னப்பையன் நாற்காலியை ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தார். இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, திரும்புவதற்குரிய முறைப்படி வலப்புறமாகத் திரும்பி நடந்தார்.

வீட்டில் செங்கேணி கேட்டாள். "அவன் சிரிக்கறான், நீ நின்னுகினு இருந்தியா?"

"நில்லுன்னா நிக்கறதுதான் மிலிட்டரி."

"அவன் இன்னா உனுக்கு மேஜரா?"

அவர் பெட்டியைத் திறந்து பழைய சட்டையை எடுத்தார். மார்பில் நான்கு ரிப்பன் துண்டுகள் வரிசையாகத் தைத்திருந்தன. அறுபத்தைந்து சண்டைக்கு இரண்டு, எழுபத்தொன்று சண்டைக்கு இரண்டு. பஞ்சாபில் புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்ததற்கும், கிழக்கு வங்காளத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஆற்றில் பாலம் கட்டியதற்கும். ரிப்பனை அப்போதே கொடுத்துவிட்டார்கள். மெடல் தபாலில் வரும் என்றார் சுபேதார். சின்னப்பையன் ஓய்வு பெற்று வந்து ஒன்பது வருடமாகிறது. தபால் மட்டும் இன்னும் வழியில் இருந்தது.

மெடல் வராததில் அவருக்குப் பெரிய துக்கம் இருந்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக்கு அடிமேடை கட்டியவர் அவர். கம்பம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கிறதே என்று மனசு கேட்காமல், சிமெண்டைக் குழைத்து, குண்டுநூல் பிடித்து, தன் கையால் நிமிர்த்தி வைத்தார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு ஆகஸ்டு பதினைந்துக்கும் மதில் சுவருக்கு வெளியே நின்று, அந்தக் கம்பத்தில் வரதன் கொடியேற்றுவதைப் பார்த்தார். கயிற்றை வரதன் இழுக்கும் இழுப்பு கிணற்றில் தண்ணீர் சேந்துவது போல இருக்கும். சின்னப்பையனுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். இந்த ஒரு தடவையாவது அந்தக் கயிறு தன் கைக்கு வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தம்பி மகள் பாக்கியமேரி உத்திரமேரூர் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தாள். ஹையர் பாஸ் பண்ணியவள். மறுநாளே மனு தயாரானது. நாயக் சின்னப்பையனுக்குச் சேர வேண்டிய நான்கு மெடல்களையும் அவருடைய சர்வீஸ் ரெக்கார்டில் ஏற்றி, அவற்றை அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்ளும் மனு.

ஜூன் மாதம் பதில் வந்தது. பாக்கியமேரி படித்தாள். படித்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

"இன்னா போட்டுகீதும்மா?"

"பெரிப்பா... பாய்க்கெல்லாம் சண்ட மெடல் கெடயாதாம்."

செங்கேணி முறத்தைக் கீழே வைத்தாள். "பாயா? நீ எப்பய்யா பாய் ஆன? எனுக்கு ஒரு வார்த்த சொல்ல வாணாமா?"

"அந்தப் பாய் இல்ல பெரிம்மா. இங்கிலீசு பாய். பையன்னு அர்த்தம். மிலிட்டரில சின்னப் பசங்களச் சேத்துப் படிக்க வெப்பாங்களாம். அவங்களுக்குப் பேரு பாய். அவங்க சண்டைக்குப் போவ மாட்டாங்க, அதனால மெடல் கெடயாது. பெரிப்பா பேருக்கு நேரா ரேங்க்கு பாய்னு கீதாம்."

சின்னப்பையன் மீசையைத் தடவினார். நாயக் ரேங்க்கில் சம்பளம் வாங்கி, நாயக் ரேங்க்கில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர் அவர். சம்பளப் பிரிவுக்கு அவர் நாயக். மெடல் பிரிவுக்கு மட்டும் எப்படிப் பையன் ஆனார்?

திடீரென்று அவருக்கு ஆள் எடுத்த நாள் ஞாபகத்துக்கு வந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு மைதானம். மீசை முளைக்காத பதினெட்டு வயது. மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ் கிளார்க் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"சின்னப்பையன், சார்."

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "அதான் பாத்தாலே தெரியுதே. பேரு இன்னா?"

"சின்னப்பையன், சார்."

"எத்தினி தபா சொல்லுவ? பேரச் சொல்லுடா."

"சின்ன... பையன், சார்."

கிளார்க் பெருமூச்சு விட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பேர் என்ற இடத்தில் சின்ன. ரேங்க் என்ற இடத்தில் பையன். அதையும் கௌரவமாக இங்கிலீஷில். மற்றப் பிரிவுகள் எல்லாம் அவரை நேரில் பார்த்துத் தங்கள் அட்டைகளைத் திருத்திக்கொண்டன. மெடல் பிரிவு யாரையும் நேரில் பார்ப்பதில்லை. அங்கே அவர் இருபத்தேழு வருடமாக வளராமல் இருந்தார்.

"அட என் ராசா, பேரு வெச்ச உங்கப்பன நான் இன்னா சொல்றது?" என்றாள் செங்கேணி.

விஷயம் ஊருக்குள் போய்ச் சேர அதிக நேரமாகவில்லை. தபால்காரர் ஏகாம்பரம் கடிதங்களைக் கொடுப்பதோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர் இல்லை. மறுநாள் சாயந்தரம் சின்னப்பையன் டீக்கடைப் பக்கம் வந்தபோது, பெஞ்சில் இருந்த வரதன் கடைக்காரரிடம் சொன்னார்: "நம்ம பையனுக்கு டீ வாணாம்பா. ஒரு கிளாஸ் பால் குடு."

சின்னப்பையன் பாலைக் குடித்தார். கிளாஸை வைத்துவிட்டு, "தலைவரே, ஒரு கையெய்த்து வேணும்" என்றார்.

பாக்கியமேரி இரண்டாவது மனுவை அடித்து முடித்திருந்தாள். பெயரில் இருக்கும் பையன் வேறு, ரேங்க்கில் இருக்கும் பையன் வேறு என்று அதில் விளக்கியிருந்தாள். கூடவே ஓர் அதிகாரியின் சான்றும் இருந்தால் நல்லது என்று அவளுக்குப் பட்டது. அதைத் தமிழில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாக அடித்துக் கொடுத்திருந்தாள்.

வரதன் தமிழ்த் தாளை வாங்கி உரக்கப் படித்தார். "நாயக் சின்னப்பையன் என்பவரை எனக்கு நன்கு தெரியும். சின்னப்பையன் என்பது இவருடைய பெயர். இவர் பையன் அல்ல என்று இதன் மூலம் சான்றளிக்கிறேன்."

டீக்கடை குலுங்கியது. வரதனுக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக இன்னொரு முறை படித்தார்.

"இத்தப் பாத்தா அந்த ஆபீசே சிரிச்சி சிரிச்சி லீவு வுட்ருவான்" என்றார். "எட்றா ரப்பர் ஸ்டாம்ப."

ஸ்டாம்ப் வந்தது. இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்பைச் சந்தோஷத்தில் ஒன்றுக்கு இரண்டாகவே குத்தினார்.

வரதன் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். சர்க்கார் ஆபீஸ்கள் சிரிப்பதில்லை. மனிதன் நேரில் வந்து நின்று நான் வளர்ந்துவிட்டேன் என்றால் நம்பாத ஆபீஸ், வட்ட முத்திரை குத்திய தாள் வந்து சொன்னால் உடனே நம்பும். இரண்டு வட்ட முத்திரை இருந்தால் பயந்துபோய் நம்பும்.

ஆகஸ்டு பதின்மூன்றாம் தேதி மத்தியானம், ஏகாம்பரம் டீக்கடையில் சைக்கிளை நிறுத்தி, அந்த வழியாகப் போன செங்கேணியைக் கூப்பிட்டார். காலனித் தபால்களை அங்கேயே உட்கார்ந்து கொடுப்பதுதான் அவர் வழக்கம்.

"ஒம் புருசனுக்கு ரிஜிஸ்தர் பார்சல் வந்துகீது. வந்து கையெய்த்துப் போட்டு வாங்கிக்கச் சொல்லு."

செங்கேணி பார்சலைப் பார்த்தாள். அதன்மேல் இருந்த சிங்க முத்திரையைப் பார்த்தாள். "அதுல இன்னா அட்ரசு போட்டுகீது?"

"காலனின்னுதான் போட்டுகீது."

"அப்ப காலனிக்கி எட்த்துக்கினு வா."

ஏகாம்பரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் போனார். அவர் பின்னால் டீக்கடையில் பாதி போனது.

நான்கு சின்ன அட்டைப் பெட்டிகள். சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல், பூர்வி ஸ்டார், சங்க்ராம் மெடல். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பொடி எழுத்தில் நம்பரும் பெயரும் வெட்டியிருந்தது. பாக்கியமேரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் படித்தாள். சின்னப்பையன். சேர்த்து எழுதியிருந்தது. நடுவில் இடைவெளி இல்லை. கூடவே திருத்திய ரெக்கார்டின் நகலும் ஒரு கடிதமும் இருந்தன.

சின்னப்பையன் நான்கையும் முறத்தில் வரிசையாக வைத்தார். வலமிருந்து இடமாக எது முன்னால் வர வேண்டும் என்று யோசித்து மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார்.

"அயுவறியாய்யா?" என்றாள் செங்கேணி.

"பளபளன்னு கீது. கண்ணு கூசுது."

சாயந்தரம் வரதன் வாசலில் அதே ஆட்கள் இருந்தார்கள். வரதன் சங்க்ராம் மெடலைக் கையில் வைத்து எடை பார்த்தார்.

"இதெல்லாம் மெட்ராசு மூர் மார்க்கெட்ல கூறு கட்டி விப்பான்யா."

"மூர் மார்க்கெட்டு எரிஞ்சி ரெண்டு வருசம் ஆவுதுங்க" என்றாள் பாக்கியமேரி. "லெட்டரப் படிக்கறேன், கேளுங்க. சிறுவேலிப்பாக்கம் பஞ்சாயத்துத் தலைவரின் சான்றிதழின் பேரில் ரெக்கார்டு திருத்தப்படுகிறது. பாய் என்பதை நாயக் என்று படிக்கவும்."

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் வரதனைப் பார்த்தார்கள். இந்த முறை பார்வையின் திசை அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க இல்லன்னா கெடச்சிருக்காது தலைவரே," என்றார் சின்னப்பையன். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் வரதனால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. "தீர்மானம் உங்குளுது. சர்டிபிகேட்டும் உங்குளுது. கொடி மட்டும் நான் ஏத்தறேன்."

பதினைந்தாம் தேதி காலையில் காலனி முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மதிலுக்கு வெளியே நிற்கும் வழக்கமான இடத்தில் செங்கேணி ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாரும் உள்ளே போனார்கள். கேட் இவ்வளவு லேசாகத் திறக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

சின்னப்பையன் இஸ்திரி போட்ட சட்டையில் நான்கு மெடலோடு வந்தார். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதிச் சின்னதாகச் சத்தம் கொடுத்தன. ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்க இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். கம்பத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. கைவைத்த நாற்காலி வரதனுக்கு வழக்கமானது.

கயிறு கைக்கு வந்தது. சின்னப்பையன் தண்ணீர் சேந்தவில்லை. கை மேல் கை வைத்து, ஒரே சீராக இழுத்தார். கொடி உச்சிக்குப் போனதும் ஒரு சுண்டு சுண்டினார். முடிச்சு அவிழ்ந்து பூக்கள் கொட்டின. கொடி காற்றை எடுத்து விரிந்தது. கம்பம் துளிகூட ஆடவில்லை, அடிமேடை அப்படிப்பட்டது.

தேசிய கீதம் முடிந்தது. வரதன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கைவைத்த நாற்காலியில் உட்காரப் போனார். பாதி உட்கார்ந்திருப்பார்.

கொடியேற்றியவர்தான் அணிக்குக் கட்டளை கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் காலையிலேயே சொல்லியிருந்தார். சின்னப்பையன் மூச்சை உள்ளே இழுத்தார். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் ஆளுக்கும் கேட்கும் குரல் அது.

"நேராக... நில்."

பிள்ளைகளின் குதிகால்கள் ஒன்றாகச் சேர்ந்தன. காலனியும் ஊரும் விறைத்து நின்றன. நாற்காலிக்கும் ஆகாசத்துக்கும் நடுவில் இருந்த பஞ்சாயத்துத் தலைவர் மெல்ல நிமிர்ந்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்து நின்றார்.

"கவர்மெண்டே சொல்லிக்கீது" என்று கூட்டத்தில் செங்கேணியின் குரல் கேட்டது.

சின்னப்பையன் நிதானமாக நடந்துபோய்க் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். மேலே கொடி நன்றாகப் பறந்துகொண்டிருந்தது. அடுத்து அவர் "இயல்பாக நில்" சொல்ல வேண்டும். அதற்கு ஒன்றும் அவசரமில்லை.