பன்னிரண்டாவது ஸ்டிக்கர்

அண்ணன் அதை வாசலிலேயே சொன்னாரா, உள்ளே போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்ட பிறகு சொன்னாரா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பல வருடங்களாக வாசலில் சொன்னதாகவே நினைத்திருந்தேன். அண்ணி ஒருநாள் கேட்டபோதுதான் தடுமாறினேன்.

அண்ணன் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். தெருவே அவரை ‘டாக்டரே’ என்றுதான் கூப்பிடும். அதில் பாதி கேலி, பாதி மரியாதை. குழந்தைகளின் காய்ச்சலைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். நான் பைண்டிங் வேலை பார்த்த அச்சகத்திலேயே ஐந்நூறு பிரதி அடித்தார்கள். அட்டையில் ‘டாக்டர் தூறல்’. தூறல் என்பது கல்லூரி நாட்களில் கவிதைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர். டாக்டர், தெரு கொடுத்தது.

அச்சக முதலாளியைப் பார்க்க வந்த வக்கீல் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், யார் இவர் என்று. சொன்னோம்.

“கதைப் புத்தகம்னா தளபதின்னுகூடப் போட்டுக்கட்டும். இது மருந்து சொல்ற புத்தகம். நம்பிப் படிச்சவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்.”

வீட்டில் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “புனைபெயர்தானே. பேரே பொய். அதுல ஒரு வார்த்தை மட்டும் உண்மையா இருக்கணுமா?”

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “தூறலை நம்பி யாரும் பிள்ளைக்கு மருந்து குடுக்கப் போறதில்ல.”

மறுநாள் காலை அண்ணன் அச்சகத்துக்கு வந்து, வெள்ளை ஸ்டிக்கரைத் துண்டுதுண்டாக வெட்டச் சொன்னார். ‘டாக்டர்’ என்ற இடத்தை மட்டும் மறைக்கும் அளவு. சாய்த்துப் பிடித்தால் எழுத்து அடியிலிருந்து தெரிந்தது. தெரிந்தாலும் பரவாயில்லை என்று ஒட்டிக்கொண்டே போனோம்.

மருந்துக்கடையில் அதற்குள் பன்னிரண்டு பிரதி விற்றிருந்தது. வாங்கியவர்கள் அத்தனை பேரும் அண்ணனுக்கு நினைவிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீடாகப் போனோம். “டாக்டரே, உங்களுக்கே சந்தேகம் வந்துருச்சா?” என்று சிரித்தபடியே புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார்கள். பதினொன்று முடிந்தது.

கடைசி வீட்டுக்காரி அந்தத் தெருவுக்குப் புதிது. தெருவின் கேலி அவளுக்குத் தெரியாது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தவள் அண்ணனைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள்.

“நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க டாக்டர். ரெண்டு நாளா காய்ச்சல். மூணு நாள் பாக்கலாம்னு எழுதியிருந்தீங்களே, அதான் பேசாம இருந்தேன்.”

“எத்தனை மாசம்?”

“அம்பது நாள்.”

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். புத்தகத்தில் எழுத விட்டுப்போயிருந்தது.

“நான் டாக்டர் இல்லம்மா. மருந்துக்கடைக்காரன். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

இதைத்தான் எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. தொட்ட பிறகு என்றால், அந்த வாசற்படியை அவர் டாக்டராகவே தாண்டியிருக்கிறார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

“அப்ப அந்தப் புத்தகத்தை எழுதினது யாரு?”

அண்ணன் கீழே இறங்கி ஓடி வண்டி பிடித்தார். ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்த மருத்துவர், நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். அண்ணன் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். பெஞ்சில் இடம் இருந்தது.

குழந்தை பதினாறு நாள் அங்கே இருந்து பிழைத்தது. ஒரு காது கேட்காது என்று பிறகு தெரிந்தது. அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை, வீடு மாறிப் போனாள். புத்தகங்களை முதலாளி பழைய காகிதத்துக்குப் போட்டார். அண்ணன் அதே கடையில்தான் இருக்கிறார், எதுவும் எழுதுவதில்லை. தெரு இன்னமும் ‘டாக்டரே’ என்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அவர் நிமிர்வதில்லை. நான் அச்சகத்தை விட்டுவிட்டேன். பன்னிரண்டாவது ஸ்டிக்கர் என் பழைய கைப்பையின் உள்ளே, நான் எப்போதோ அழுத்திவிட்ட இடத்தில், வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.