இடது புருவத்துத் தழும்பு

அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நார்ப் டெஸ்மர் என் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்து, நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு பை. அதிலிருந்து தோள்வார், காதடைப்பான், குழலைத் துடைக்கும் கம்பி, மெத்தை வைத்த உறை, துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் ஒன்று என்று வரிசையாக எடுத்து அடுக்கினார்.

"கெல்சிக்கு," என்றார். "வீடு வாங்கிட்டால்ல."

டெஸ்மர் குடும்பத்தில் அது வழக்கம். பிள்ளைகளில் யார் சொந்த வீடு வாங்கினாலும் அப்பாவிடமிருந்து ஒரு மான் வேட்டை ரைஃபிள் வந்துவிடும். சும்மா பெட்டியோடு அல்ல. ஸ்கோப் பூட்டி, அளவு பார்த்து, எடுத்த எடுப்பில் காட்டுக்குக் கிளம்பலாம் என்கிற நிலையில். சொந்த வீடு இருப்பவர்களுக்குத்தான் துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து முடுக்கிப் பூட்டி வைக்க இடம் இருக்கும் என்பது நார்ப்பின் நியாயம். பையன்கள் ட்ராவிஸுக்கும் கர்ட்டுக்கும் அப்படித்தான் கொடுத்தார். இரண்டையும் நான்தான் தயார் செய்தேன். கடைசிப் பெண் கெல்சிக்கு முப்பத்துமூன்று வயது. ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

ஆனால் கெல்சி பதினான்கு வயதுக்குப் பிறகு, மான் சீசனில் எல்லாரும் காட்டில் போய்த் தங்கும் வேட்டைக் கேம்ப் பக்கமே போனதில்லை என்பது எங்கள் ஊருக்கே தெரியும்.

"வர்றேன்னு சொன்னாளா?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் கேக்கல வாண்டா. இதைக் கையில குடுத்துட்டுக் கேக்கலாம்னு இருக்கேன். ட்ராவிஸ் ஜனவரில அலாஸ்கா போறான், வேலை அங்க. இந்த வருஷம் விட்டா நாங்க நாலு பேரும் ஒரே கேம்புல உக்காந்து சாப்புடறது எப்பன்னு தெரியாது."

"வரலன்னா?"

"வரணும்," என்றார். அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்தேன். அண்ணன்களுடையதைப் போலவே அதே வகை, அதே தோட்டா. கேம்ப்பில் ஒருத்தர் தோட்டா தீர்ந்தால் அடுத்தவரிடம் வாங்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் துப்பாக்கி சட்டை மாதிரி. எல்லாருக்கும் ஒரே அளவு சரிப்படாது. விசையிலிருந்து தோளில் அண்டும் கட்டையின் நுனிவரை உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும் அளந்தால் தோராயமாக அந்தத் தூரம் கிடைத்துவிடும். கடையில் வருவது பதின்மூன்றரை அங்குலம். அது ஆறடி ஆணுக்குச் சரி.

"கை அளவு வேணுமே. அவளுக்குத் தெரியாம எப்படி எடுப்பீங்க?"

"எடுத்தாச்சு. பனி தள்ற மண்வெட்டி ஒண்ணு வாங்கித் தரேன், பிடி உனக்குச் சரியா இருக்கணும்னு சொல்லி டேப் வெச்சு அளந்துட்டேன்." பெருமையாக ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பன்னிரண்டே முக்கால்.

முக்கால் அங்குலம் அறுக்க வேண்டும். அறுக்கிற இடத்தில் முதலில் ஒட்டுத்தாள் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வார்னிஷ் சிதறும். பிறகு ரப்பர் மெத்தையைப் புது முனைக்கு ஏற்றபடி தேய்க்க வேண்டும். அது ஒரு மத்தியான வேலை. கன்னம் கட்டையில் படியும் உயரம்தான் கஷ்டம். அதற்குக் கழுத்து நீளமா, கன்ன எலும்பு மேலா கீழா என்று தெரிய வேண்டும்.

"போட்டோ இருக்கா? நேரா நின்ன மாதிரி?"

போனில் தேடி ஒன்றைக் காட்டினார். ஆஸ்பத்திரிச் சீருடையில் கெல்சி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பெரிதாக்கி கழுத்தைப் பார்த்தேன், கன்னத்தைப் பார்த்தேன். பிறகு புருவத்தில் நின்றேன். பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு.

எங்கள் பக்கத்தில் அந்தப் பிறைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சுடும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் மூன்றரை அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். கண்ணை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் ஸ்கோப்பின் வட்ட விளிம்பு வந்து புருவத்தை வெட்டிவிடும். ஊரில் பாதிப் பேருக்கு அது உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் வலது தோளில் வைத்துச் சுடுகிற எல்லாருக்கும் வலது புருவத்தில்.

"நார்ப், இது கேம்ப்புல பட்டதா?"

"ஆமா. பதினாலு வயசு. என் ரைஃபிளக் குடுத்தேன். காலைலேருந்து மூணு மானை விட்டா. மூணாவதுல மூஞ்சியக் கிழிச்சுக்கிட்டா." சிரித்தார். "இவ கண்ணு ரெண்டும் சும்மா அழகுக்குத்தான்னு சொன்னேன். கேம்ப்பே உருண்டு சிரிச்சுது. கேம்ப்புக்கு வர்ற ரே இன்னைக்கும் சொல்லுவான் அத."

"இடது புருவத்துல இருக்கு."

"அதுக்கென்ன?"

"வலது தோள்ல வெச்சுத்தான சுட்டா?"

"பின்ன? வலது கைக்காரிதான."

"வலது தோள்ல வெச்சு வலது கண்ணால பாத்தா வலது புருவம்தான் வெட்டுப்படணும். இடது எப்படி வெட்டுப்படும்?"

போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். "இந்தப் போன் படத்தைத் திருப்பிக் காட்டுதோ என்னமோ. தன்னையே எடுத்தா கண்ணாடி மாதிரிதான வருது."

நல்ல சந்தேகம்தான், எனக்கும் அது வந்தது. அதனால் முதலிலேயே சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்திருந்தேன். K-E-L-S-E-Y, இடமிருந்து வலமாக, நேராகத்தான் இருந்தது. படம் திரும்பவில்லை.

அவருக்கு விளக்கினேன். கை போலவே கண்ணிலும் ஒன்று முந்திக்கொள்ளும். பெரும்பாலும் வலது கைக்காரருக்கு வலது கண். சிலருக்கு மாறியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் ரைஃபிளை வலது தோளில் வைத்தால், மூளை கேட்பது இடது கண்ணின் பேச்சை. அதனால் தலை தன்னாலே கட்டைக்கு மேலே எக்கி வலப்பக்கம் சாயும். பெரியவர் ரைஃபிள், நீளக் கட்டை, சின்னப் பெண். தோளில் நிற்காமல் நெஞ்சுப் பக்கம் நழுவியிருக்கும். இடது கண் நேராக ஸ்கோப்புக்குப் பின்னால் போயிருக்கும். கன்னம் எங்கேயும் படியவில்லை. மூன்று மான் தப்பித்ததில் ஆச்சரியம் இல்லை.

"கைய நீட்டுங்க. ரெண்டு கையும் சேத்து நடுவுல முக்கோணமா ஓட்டை விடுங்க. அது வழியா கடிகாரத்தப் பாருங்க. பாத்துக்கிட்டே கைய மெதுவா மூஞ்சிக்குக் கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். கை அவர் வலது கண்ணில் போய் நின்றது.

"அதான் உங்க கண்ணு. கெல்சிக்கு எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் ரம்பத்தத் தொடமாட்டேன்."

வியாழக்கிழமை திரும்பி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இடது," என்றார். "மூணு தடவை செய்யச் சொன்னேன். மூணும் இடது. எதுக்குப்பா இதெல்லாம்னு கேட்டா. சும்மான்னேன். பக்கவாதம் கிக்கவாதம் வந்துருச்சான்னு என்னையச் சிரிக்கச் சொல்லி, கையத் தூக்கச் சொல்லி, ரத்த அழுத்தம் பாத்துட்டுத்தான் விட்டா."

"எவ்ளோ இருந்துச்சு?"

"கூட. வேற எப்படி இருக்கும்?" ரைஃபிளை எடுத்துத் திருப்பிப் பார்த்து மறுபடி வைத்தார். "சுடறப்ப போடற மூக்குக்கண்ணாடில இடது பக்கம் டேப் ஒட்டிட்டா சரியாயிடும்னு எங்கயோ படிச்சேன். அப்ப இதையே குடுத்துடலாம்ல?"

குடுக்கலாம். டேப் வேலை செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வலது தோளில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் பதிந்திருக்கிறது: விசையை அழுத்தினால் முகத்தில் அடிவிழும். உடம்பு அதை மறக்காது; வெடிக்கும் முன்னாடியே கண் மூடிக்கொள்ளும். இடது தோளில் அவள் ஒருதரம்கூடச் சுட்டதில்லை. அங்கே மறக்க வேண்டியது ஒன்றுமில்லை. இதையெல்லாம் சொன்னேன். இடது கைக்காரர்களுக்கென்றே தோட்டா ஏற்றி இறக்க இழுக்கும் போல்ட்டை இடப்பக்கம் வைத்துச் செய்த ரைஃபிள் இருக்கிறது, அதே வகை, அதே தோட்டா என்றும் சொன்னேன்.

"அதைக் குடுத்தா ஏன் இடதுன்னு கேப்பாளே."

"கேப்பா."

"நான் சொல்லணும்."

"ஆமா."

கொஞ்ச நேரம் தோள்வாரின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "வரவழைச்சுடு," என்றார். "இது எனக்கே இருக்கட்டும்."

வந்தது ஆறு நாளில். துப்பாக்கி வாங்க நிரப்பும் அரசுப் படிவத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்கிற கேள்வியில் நார்ப் வழக்கம்போல் பேனாவை நிறுத்தினார். தன் சொந்தக் காசில், யாரும் கேட்காமல், பரிசாகக் கொடுக்க வாங்கினால் காசு கொடுக்கிறவர்தான் உண்மையில் வாங்குபவர் என்று, மூன்றாவது பிள்ளைக்கு வாங்கும்போதும் விளக்கினேன். ஆமாம் என்று குறித்தார். பிறகு கட்டையைக் கெல்சியின் அளவுக்கு அறுத்து ஸ்கோப்பைப் பூட்டினேன்.

மான் சீசனுக்கு இரண்டு வாரம் முன்னால், சனிக்கிழமை, எங்கள் சங்கத்தின் சுடுதளத்தை ஊருக்குத் திறந்துவிடுவோம். எல்லாரும் வந்து நூறு கஜத்தில் குறிக்காகிதம் மாட்டிக் குறி சரிபார்த்துக்கொள்வார்கள். நான்காம் மேசை என் பொறுப்பு. கெல்சி இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள், கையில் காபி. நார்ப்பும் ட்ராவிஸும் பக்கத்தில். இரண்டாம் மேசையில் ரேயும் டக்கும், கேம்ப்பின் பழைய ஆட்கள்.

அப்பா மேசைமேல் வைத்த உறையைத் திறந்து பார்த்தாள். கட்டையைத் தடவினாள். "அழகா இருக்குப்பா," என்றாள். மூடினாள். "எனக்கு வேணாம். கோவிச்சுக்காத. கர்ட்டுக்குப் பொண்ணு இருக்கால்ல, பெரியவளானா குடு."

"எடுத்துப் பாரேன் கெல்ஸ்," என்றான் ட்ராவிஸ். "இந்தத் தடவ கண்ணத் தொறந்து வெச்சுக்க, அவ்ளோதான்."

"நீ வாயை மூடு," என்றார் நார்ப்.

ட்ராவிஸ் திரும்பிப் பார்த்தான். அவனிடம் அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"போல்ட்டு எந்தப் பக்கம் இருக்கு பாரு," என்றார் கெல்சியிடம். "உனக்கு இடது கண்ணு முந்துது. அன்னைக்கு நான் தப்புத் தோள்ல வெச்சுக் குடுத்துட்டேன். மூணு மானும் என் கணக்கு. மூஞ்சியில பட்டதும் என் கணக்கு."

கெல்சி காபியைக் கீழே வைத்தாள். "அதுக்குத்தானா அந்த முக்கோணம்? நான் உனக்கு நரம்பு டாக்டர்கிட்ட வியாழக்கிழம நேரம் வாங்கி வெச்சிருக்கேன்!"

"ரத்து பண்ணிடு."

"பண்ணமாட்டேன். போய்ட்டு வா, நல்லதுதான்." பிறகு அவள் சிரிப்பு போய்விட்டது. "பத்தொன்பது வருஷம்ப்பா. கேம்ப்புல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்ச. என் கல்யாணத்துலகூட ரே அதச் சொன்னாரு, மைக்ல. இப்ப இத என்கிட்ட மட்டும்தான் சொல்லுவியா?"

நார்ப் இரண்டாம் மேசையைப் பார்த்தார். அந்த நேரம் தளப் பொறுப்பாளர் விசில் ஊதினார். சுடுவதை நிறுத்தும் நேரம்: எல்லாரும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும், காதடைப்பானைக் கழற்றலாம், காகிதம் மாற்ற முன்னால் போகலாம். பத்து நிமிஷம் தளம் முழுக்க அமைதியாக இருக்கும். யார் பேசினாலும் கேட்கும்.

நார்ப் இரண்டாம் மேசைக்குப் போனார். குரலைத் தாழ்த்தவில்லை.

"ரே, டக், கேளுங்க. கெல்சி கண்ணப் பத்தி நான் சொன்னேனே, அது தப்பு. அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பாக்கல. இனிமே அத யாரும் சொல்லக்கூடாது."

"விளையாட்டுக்குச் சொன்னதுதான நார்ப்," என்றார் ரே.

"விளையாட்டா ஆரம்பிச்சது நான். நானே முடிக்கிறேன்."

"சரி, சரி," என்றார் ரே. கெல்சி பக்கம் பார்த்துத் தொப்பியைக் கொஞ்சம் தூக்கினார். டக் தன் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த விசில் வந்தது.

கெல்சி உறையைத் திறந்தாள். "வாண்டா, எங்க உக்காரணும்?"

இடது தோளில் வைக்கச் சொன்னேன். முதலில் தோட்டா இல்லாமல், கன்னத்தைப் படியவிட்டுக் கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் தெரிகிறதா என்று கேட்டேன். ஓரத்தில் கறுப்பு நிழல் வந்தால் தூரம் தப்பு. "தெரியுது," என்றாள். "முழுசாத் தெரியுது." இரண்டாவது தரம் சொன்னது என்னிடம் அல்ல.

முதல் தோட்டாவுக்கு முன்னால் மூச்சை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். விடச் சொன்னேன். சுட்டாள். போல்ட்டை இடது கையால் இழுப்பது பழக்கமில்லாமல், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு மேசையில் தடுக்கி உருண்டது.

"முழங்கை," என்றார் நார்ப். "முழங்கையைக் கொஞ்சம் கீழ..."

"அப்பா. கோட்டுக்குப் பின்னாடி போய் நில்லு."

போனார். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மஞ்சள் கோட்டிலிருந்து ஓரடி தள்ளியே நின்றார்.

இன்னும் இரண்டு சுட்டாள். தூரநோக்கியில் பார்த்தேன். மூன்று ஓட்டைகள், ஒரு காபிக் கோப்பையின் வாயால் மூடிவிடலாம்; ஆனால் நடுப்புள்ளிக்கு இரண்டு அங்குலம் கீழே. கூட்டமாக விழுந்தால் சுடுகிறவர் சரி, திருத்த வேண்டியது ஸ்கோப்தான். ஸ்கோப்பின் திருகை ஒரு சொடுக்கு திருப்பினால் நூறு கஜத்தில் கால் அங்குலம் நகரும் என்று அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப எட்டு," என்றாள், நான் சொல்லும் முன்பே. திருகின் மூடியைக் கழற்றி அவளே திருகினாள், வாய்க்குள் எண்ணிக்கொண்டு.

நான்காவது தோட்டாவை எடுத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்: "சீசன் தொடங்குற சனிக்கிழம டியூட்டி இருக்கு. ஞாயித்துக்கிழம விடியறதுக்குள்ள கேம்ப்புக்கு வந்துடுவேன். மானுக்குக் காத்து எந்த மரத்துல ஏறி உக்காரணும்னு நானே பாத்துக்கறேன்."

நார்ப் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ட்ராவிஸ் அவர் தோளில் கை வைத்தான்.

"சரி," என்றார் நார்ப்.