சத்தம் போடாத ஷூ

கடைக்கு வருகிறவர்கள் ஷூவை மாட்டியதும் கண்ணாடியைப் பார்ப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்தபடி வலது காலை முன்னால் வைத்து, குதிகாலை ஊன்றி, நுனியைத் தூக்கித் தரையில் தட்டினார். டொக், டொக், டொக், டொக். உதட்டைப் பிதுக்கினார். கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததுக்குக் கையை நீட்டினார். காலடியில் ஏற்கெனவே மூடி திறந்த பெட்டிகள் வழியை மறித்துக் கிடந்தன. குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போன கடைப்பெண் கடைசியில் கேட்டேவிட்டாள்.

"சார், அளவு பாக்கறீங்களா, இல்ல உள்ள ஆள் இருக்கான்னு கதவைத் தட்டிப் பாக்கறீங்களா?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. இந்த ஷூவில்தான் அவர் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

ஊரின் பெரிய இசைக்குழுவில் அவர் வயலின்காரர். கடைசி வரிசை. குழுவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று, எல்லோருக்கும் அவர் 'தாளம்'தான். வாசிக்கும்போது வலது கால் தன் பாட்டுக்குத் தட்டும். தட்டுகிறோம் என்று அவருக்கே தெரியாது. இளவயதில் ஒரு ஹோட்டலில் நடனக் கூட்டத்துக்கு வாசித்துப் பழகியவர். அங்கே குச்சி பிடித்து முன்னால் நிற்க ஆள் கிடையாது, காலைத் தட்டித்தான் கூடி வாசித்தார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒத்திகையில் வீட்டுச் செருப்போடு உட்கார்ந்து பட் பட் என்று தட்டுவார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒத்திகைக்கு யார் தோல் ஷூ போட்டு வருகிறார்கள்?

மேடை வேறு விஷயம். பின்னால் வால் தொங்கும் கறுப்பு கோட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சு, கறுப்பில் கயிறு கட்டிய தோல் ஷூ, உட்கார்ந்தால் கெண்டைக்கால் தெரியாத அளவுக்கு நீளமான காலுறை. குழுவை நடத்துகிறவரைக் குச்சி மாஸ்டர் என்பார்கள். ஷூ விஷயத்தில் அவர் ராட்சசன். "முன் வரிசைல உக்காந்திருக்கறவங்க கண்ணும் உங்க காலும் ஒரே மட்டம். அவங்க பாக்கறது உங்க மூஞ்சிய இல்ல, ஷூவை" என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் வரிசையாக எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டு போவார். அந்த மேடையோ வெறும் பலகை, உள்ளே காலி. அதன்மேல் தோல் ஷூவால் தட்டினால் பெட்டிக்குள்ளிருந்து யாரோ இடிப்பது போலக் கேட்கும்.

போன நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்தார்கள். பதிவு முழுக்க அந்த இடி இருந்தது. மாஸ்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தாளம், நல்லா வாசிக்கறீங்க. ஆனா அடுத்த பதிவுலயும் இந்தச் சத்தம் கேட்டா அதோட போதும், வீட்ல இருந்துக்கங்க" என்றார். யார் கால் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இவர் கேட்டதற்கு, "யாரோ சொன்னாங்க" என்று முடித்துக்கொண்டார்.

தட்டாமல் இருந்தால் என்ன என்று கேட்பது சுலபம். அதையும் செய்து பார்த்தார். வீட்டில் துண்டால் காலை நாற்காலிக் காலோடு கட்டிப்போட்டு வாசித்தார். கை விறைத்துக்கொண்டது. வில் தந்தியில் ஓடாமல் மரம் அறுத்தது. அவிழ்த்துவிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. அதனால்தான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

ரப்பர் அடிப்பாகம் போட்டது சத்தம் போடாது, ஆனால் மெருகு போட்ட பலகையில் கீச்சிடும். தடிமனான அடிப்பாகம் உள்ளதை மாஸ்டர் பார்த்தால் காவல் வேலைக்கா வந்திருக்கிறாய் என்பார். தோல் அடிப்பாகம் உள்ளதெல்லாம் ஒரே ஜாதி, டொக் டொக்தான்.

"இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. "முதல்ல பாத்தமே, அது அழகா இருந்தது. அதை எடுத்து அடில ஏதாவது மெத்துனு ஒட்டிக்கலாம். சபைக்கு மேல்பக்கம்தானே தெரியப்போகுது."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவர் தலையாட்டினார். அவள் அந்த ஜோடியைத் தேடி எடுத்து, மண்டியிட்டு, அவர் காலில் மாட்டிக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னாள்.

"என் தம்பி எடுத்துச் சொன்னதாலதான் மாஸ்டர் இந்த மட்டும் விட்டார். இல்லன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாராம்."

"என்ன எடுத்துச் சொன்னான்?"

கட்டிய முடிச்சை அவள் அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"என்ன சொன்னான்னு கேக்கறேன்."

"பதிவு பண்றவர் வந்து இது யார் காலுன்னு கேட்டிருக்கார். எல்லாரும் கம்முனு இருந்தாங்களாம். வரிசைக்குப் பொறுப்பு அவன்தானே? அவன் என்னங்க பண்ணுவான்? உங்க கால்தான்னு சொல்லிட்டு, நான் பேசிச் சரி பண்றேன்னும் சொல்லியிருக்கான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

மைத்துனனுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, தன் வயலினையே அவன் தோளில் வைத்து, விரலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார். குழுவில் இடம் காலியானபோது மாஸ்டரிடம் போய் நின்றதும் அவர்தான். பையன் கெட்டிக்காரன். வாசிப்பு சுமார்தான் என்றாலும் பேச்சு வெல்லம். வரிசைப் பொறுப்பு அவனுக்குப் போனபோது கூட அவர் வாயைத் திறக்கவில்லை, நம் வீட்டுப் பிள்ளைதானே என்று விட்டார். அந்தப் பிள்ளை போட்டுக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு டீ குடித்தது. இவள் டீ போட்டுக் கொடுத்தாள். இவரோ போட்டுக் கொடுத்தது புல்லாங்குழல்காரர்தான் என்று தானாக முடிவு கட்டி, அந்த மனுஷனோடு இத்தனை நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாவம், என்ன ஏதென்று தெரியாமல் இன்னும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் சொல்லலை" என்றாள் அவள், ஷூவைப் பார்த்துக்கொண்டே.

"ரொம்ப நல்லது" என்றார் அவர். பில் போடச் சொன்னார்.

தெரு முனையில் ஷூ ரிப்பேர் செய்கிறவரிடம் சீட்டாட்ட மேசையில் விரிக்கிற பச்சைக் கம்பளித் துணி மிச்சம் இருந்தது. அடிப்பாகம் முழுவதற்கும் வெட்டி, பசை தடவி ஒட்டினார். அவள் நின்று பார்த்து, ஓரம் பிதுங்குகிறது என்று இரண்டு தடவை வெட்டச் சொன்னாள்.

"இதைப் போட்டுக்கிட்டு பூனை மாதிரி போய் யாரையாவது பிடிக்கப்போறீங்களா சார்?" என்றார் ரிப்பேர்க்காரர்.

"இல்லப்பா. என்னைப் பிடிச்சுட்டாங்க" என்றார் இவர்.

அடுத்த நிகழ்ச்சிக்கும் ஒலிப்பதிவு இருந்தது. அன்று மாஸ்டர் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர் இவர் முன்னால் நின்றார். ஷூ மின்னியது. "இது ஷூ" என்று பாராட்டிவிட்டுப் போனார். மேடைக்கு நடக்கும்போது எல்லோர் காலும் பலகையில் கடகடத்தது, இவர் மட்டும் இழவு வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி ஓசைப்படாமல் போய் உட்கார்ந்தார். சபையில் இரண்டாவது வரிசையிலிருந்து மனைவி அவர் காலைப் பார்த்து, விரலை வட்டமாக்கிக் காட்டினாள்.

முதல் பாதியில் ஒரு நீண்ட உருப்படி. நடுவில் ஊதுகுழல்காரர்கள் கத்தித் தீர்க்கிற இடத்தில் கடைசி வரிசை வயலின்களுக்கு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்து அடிகளை எண்ண வேண்டும், நூற்றுக்கு மேல் போகும். எண்ணி முடிக்கிற இடத்தில் வரிசை முழுக்க ஒரே ஆள் போல மெதுவாக உள்ளே நுழைய வேண்டும். மாஸ்டர் அந்த நேரம் ஊதுகுழல் பக்கம் திரும்பி நிற்பார், இந்தப் பக்கம் கை காட்ட மாட்டார். இவர் எண்ணினார். கால் எண்ணியது. பச்சைக் கம்பளி பலகையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது, அவர் காதுக்கே ஒன்றும் கேட்கவில்லை. இடம் வந்தது. வில்லை இழுத்தார்.

ஒருவரும் வரவில்லை. அவர் வயலின் மட்டும் அத்தனை பெரிய அரங்கில் ஒற்றையாகக் கேட்டது. கூட்டத்துக்கு நடுவே ஒருவன் மட்டும் சரியாக வாசித்தால் அது தப்பு மாதிரிதான் கேட்கும். மாஸ்டரின் கழுத்து வெடுக்கென்று திரும்பியது. அதற்குப் பிறகு ஒருவர், அப்புறம் இருவர், பிறகு அள்ளிக் கொட்டியது போல மற்றவர்கள் எல்லாம் விழுந்தடித்து வந்து சேர்ந்தார்கள். பக்கத்து நாற்காலியில் மைத்துனனின் காது மடல் சிவந்திருந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக இந்த வரிசையில் ஒருவரும் எண்ணவில்லை. இவர் கால் எண்ணட்டும் என்று விட்டிருந்தார்கள்.

இடைவேளையில் மாஸ்டர் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. "யார் அது முந்தினது?"

வரிசையே தன் தன் வயலினைத் துடைத்தது. மாஸ்டர் மைத்துனனைப் பார்த்தார். அவன் முறுக்காணியைத் திருகினான், தந்தியை மீட்டிப் பார்த்தான், பிறகு சொன்னான்.

"மாமா கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்னு நினைக்கறேன், மாஸ்டர்."

மாஸ்டர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "கால் நின்னா கை போகுதா? ரெண்டாவது பாதியிலயும் இப்படி ஆச்சுன்னா கோட்டைக் கழட்டி இங்கயே வெச்சுட்டுப் போயிடுங்க."

மாஸ்டர் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்க நழுவினார்கள். கடைசியில் மைத்துனன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது பாதில கொஞ்சம் லேசா தட்டுங்களேன். நம்ம வரிசைக்கு மட்டும் கேக்கற மாதிரி."

அவர் வலது ஷூவைத் திருப்பிக் காட்டினார்.

"அடில கம்பளி ஒட்டியிருக்கு மாப்ள."

"ஒரு பக்கம் பிச்சாப் போதும்."

"மைக்குல கேக்குமே."

"கேட்டா நான் பேசிக்கறேன் மாமா."

"போன தடவை பேசினியே, அந்த மாதிரியா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா சொல்லிவிட்டாளா என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிக்கொண்டான். "அது வேற சூழ்நிலை மாமா" என்றான். பிறகு, "எல்லாரும் மாட்டிப்போம்" என்றான்.

"ஒட்டச் சொன்னது உங்கக்கா. ரெண்டாவது வரிசைலதான் உக்காந்திருக்கா. போய் அவகிட்ட கேட்டுட்டு வா, பிக்கறேன்."

அவன் எழுந்து போய்விட்டான்.

அவர் காலைத் தொடைமேல் போட்டு அடிப்பாகத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் கம்பளி கொஞ்சம் தேய்ந்து, தூசி படிந்திருந்தது. ஓரத்தில் நகத்தை நுழைத்தார். பசை நல்ல பசை, ஆனாலும் இழுத்தால் வந்துவிடும். பிய்த்தால் பதிவில் சத்தம் கேட்கும், வேலை போகும். பிய்க்காவிட்டால் வரிசை கவிழும், அந்தப் பழியும் அவர் தலையில்தான் விழும், அப்போதும் வேலை போகும். எப்படிப் பார்த்தாலும் கோட்டு இங்கேயேதான். அது கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. அவர் காலைப் பிடித்துக்கொண்டே இத்தனை வருஷம் கரை சேர்ந்தவர்கள், ஒருவராவது ஒரு நாளாவது, தாளம், உன் கால் இருக்கிறவரை எங்களுக்குக் கவலை இல்லை என்று சொல்லியிருந்தால், இப்போது அவரே பல்லால் கடித்துப் பிய்த்திருப்பார். கிண்டலுக்கு ஒரு பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். அவர் நகத்தை வெளியே எடுத்தார்.

மணி அடித்தது. போய் உட்கார்ந்தார்கள். விளக்கு மங்கியது, மாஸ்டர் குச்சியைத் தூக்கினார்.

இரண்டாவது பாதியின் கடைசி உருப்படியிலும் அதே மாதிரி ஒரு சும்மா இருக்கிற இடம் உண்டு, முதலாவதைவிட நீளம். அந்த இடம் வந்ததும் எல்லோரும் வயலினைத் தொடைமேல் இறக்கினார்கள். ஊதுகுழல்கள் கிளம்பின. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் கால் எண்ண ஆரம்பித்தது.

பாதி எண்ணியிருப்பார். என்னவோ போலிருக்க, ஓரக்கண்ணால் பார்த்தார். மைத்துனன் நேராக முன்னால் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான், கண்மணி மட்டும் கீழே இருந்தது. அவனுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவன் காகிதத்தைச் சரி செய்கிற சாக்கில் குனிந்திருந்தான். அதற்கும் அந்தப் பக்கம் இன்னொருவன் கழுத்தை நீட்டியிருந்தான். மாஸ்டரின் குச்சியை ஒருவரும் பார்க்கவில்லை. வரிசை மொத்தமும் அவருடைய வலது ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அழகாக, பளபளப்பாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவசரமில்லாமல் வலது காலைப் பின்னுக்கு இழுத்தார். கோட்டு வால் மறைக்கிற நிழலுக்குள், நாற்காலிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். மைத்துனனின் கண்கள் அந்தக் காலின் பின்னாலேயே போயின, இருட்டுக்குள் போய்த் துழாவின. அவன் இமைப்பதைக் கூட விட்டுவிட்டான். உள்ளே, யாருக்கும் தெரியாமல், யாருக்கும் கேட்காமல், கால் ஓர் அடி கூடத் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தது.