தூக்கம் கலைந்த கிருமி

என் தங்கை உலகம்மாளின் மூளையில் ஒரு கிருமி தூங்கிக்கொண்டிருந்தது. சிறுவயதில் பூனையிடமிருந்து வந்தது. வந்த வாரம் லேசாகக் காய்ச்சல் அடித்தது. பிறகு அது ஓரமாகப் படுத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா இதை மறைக்கவில்லை. மாப்பிள்ளை ஆவுடையப்பன் அவள் தலையருகே காதை வைத்துக் கேட்டார். குறட்டை மெல்லியதுதான் என்று சம்மதித்தார்.

போன ஐப்பசியில் குறட்டை நின்றது. உலகம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று வேலைக்குப் போவதை நிறுத்தினாள். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளினாள். மாப்பிள்ளை தானே சமைத்து, முதல் வாய் தின்று காட்டினார். அதையும் அவள் நம்பவில்லை. இனித் தன்னால் முடியாது என்று அவர் அவளைத் தென்காசியில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, நான்கு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார். அவள் என்னையும் யாரோ போலப் பார்த்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

திருநெல்வேலியில் டாக்டர் எஸ்தர் கனகமணியிடம் கூட்டிப்போனேன். அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கிருமியிடம் நடந்ததை விசாரித்தார்.

"நான் ஒண்ணும் செய்யலம்மா. இவங்க அழுத சத்தத்துலதான் முழிச்சேன்" என்றது கிருமி. மரியாதையான குரல்.

"பொய். இது முழிச்ச பிறகுதான் நான் அழுதேன்" என்றாள் உலகம்மாள்.

டாக்டர் இருவரையும் முழுக்கக் கேட்டார். எத்தனையோ பேர் தலையில் இது கடைசிவரை தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றார். இது இல்லாத தலைகளிலும் இந்தத் துயரம் வருகிறது என்றார்.

"யார் முதல்லன்னு எனக்குத் தெரியல. ரெண்டு பேருக்கும் தூக்கம் வேணும். அதுக்கு மருந்து தாரேன்."

மாத்திரைகளை என் கையால் கொடுத்தேன். தையில் அவள் பாதி இட்லி சாப்பிட்டாள். மாசியில் என்னிடம் சண்டை போட்டாள், பழைய மாதிரியே. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது மாப்பிள்ளையும் வந்தார். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"மெலிஞ்சுட்டீங்க. சாப்பிடுதீங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே தன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். மலையடி ஊரான தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர்கள் தெருவுக்குக் கடல் வந்திருந்தது. மாப்பிள்ளை தன் செருப்பையும் அவள் செருப்பையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் அவளைப் பிடித்துக்கொண்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர்கள் வீடு மூன்றாவது அலைக்கு அடுத்தது.