இறுக்கிய கை

எங்கிருந்து கழற்றத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இறுக்கும்போது ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசை அவள் கைகளுக்கு மனப்பாடம். கழற்றுவதற்கு அப்படி எதுவும் இல்லை. ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு தன் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையளவு இரும்புச் சட்டம், அதன்மேல் ஒரு மோட்டார், மோட்டாரோடு சுழலும் ஒரு தண்டு, தண்டில் கனத்த வட்டத்தகடு. எல்லாவற்றையும் அவளே வரைந்து, அவளே அறுக்கக் கொடுத்து, அவளே பூட்டியது. வெள்ளிக்கிழமை மதியம் என்பதால் கல்லூரியின் அதிர்வு ஆய்வகத்தில் வேறு மாணவர்கள் இல்லை. ஜன்னலோரத்து முக்காலியில் அவள் கணவன் மட்டும் உட்கார்ந்து, கையிலிருந்த படிவத்தால் விசிறிக்கொண்டிருந்தான்.

"கையெழுத்து மட்டும் போட்டா போதும். மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 'சொந்தக் காரணம்'னு போட்டிருக்கேன்."

"எனக்கும் மெஷினுக்கும் ஒத்துவரலன்னு போட்டிருக்கலாம்."

"போட்டா நேரா குடும்பநல கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு வந்ததே ஆச்சரியமாக இருந்தது.

இருவருக்கும் ஒரே பம்பு தொழிற்சாலையில்தான் வேலை. அவன் பராமரிப்புப் பிரிவு, அவள் பம்புகளைப் பூட்டி முடிக்கும் பிரிவு. நாற்பதை நெருங்கும் வயதில் ஒரே நாளில், ஒரே கல்லூரியில், இயந்திரவியல் முதுகலைக்கு மாலை வகுப்பில் சேர்ந்தார்கள். சேரும்போது எந்த வழி என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பாடங்களை மட்டும் வரிசையாகப் படித்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய தேர்வு எழுதிப் போய்விடலாம். அது ஒரு வழி. பாதிப் பாடங்களைக் குறைத்துக்கொண்டு, ஓர் ஆய்வு செய்து, ஆய்வேடு எழுதி, நான்கு பேர் முன்னால் நின்று கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது இன்னொரு வழி. அவன் யோசிக்காமல் முதலாவதைச் சொன்னான். அவளும் யோசிக்காமல்தான் இரண்டாவதைச் சொன்னாள். வெளியே வந்ததும் அவன், "எனக்கு முன்னாடி நீ முடிச்சுட்டா நான் மீசைய எடுத்துடறேன்" என்றான். மீசை இன்றைக்கும் அடர்த்தியாகத்தான் இருந்தது.

அவள் இரண்டாவதைச் சொன்னதற்குக் காரணம், முன்பே படித்து வைத்திருந்த விதிமுறைப் புத்தகத்தின் ஒரு வரி. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆய்வேட்டு வழியில் முதுகலை முடித்திருக்க வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் முனைவர் பட்டமா என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதால் அல்ல. வாய்விட்டுச் சொன்னால் அந்த ஆசை சுருங்கிப்போய்விடுமோ என்று ஒரு பயம். கணவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அவனும் கேட்டதில்லை. இருபது வருடக் குடித்தனத்தில் அவர்களுக்குள் பேசாமல் விட்டுவைத்தவை பல உண்டு; அவற்றில் மிக நல்ல விஷயம் அதுதான்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் வழியை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு முடியாது. மாற்றிக்கொண்டால் பட்டம் உறுதி, அந்த ஒரு வரி போய்விடும். மாற்றாமல் ஆய்வும் கைகொடுக்காவிட்டால் இரண்டுமே போய்விடும்.

ஆய்வு என்னவோ கேட்பதற்கு எளிமையானதுதான். எந்தப் பம்பும் ஏதோ ஒரு வேகத்தில் கிடுகிடுவென்று ஆடும். அதன் அடியில் மெல்லிய இரண்டு எஃகுப் பட்டைகளில் ஓர் எடையைக் கட்டித் தொங்கவிட்டால், ஆட்டத்தை எல்லாம் அந்த எடை வாங்கிக்கொள்ளும், பம்பு அமைதியாகிவிடும். "அதாவது வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. வீட்ல யாருக்கு யார் மேல கோபம் வந்தாலும் குதிக்கிறது அவன்தான்" என்று கணவன் ஒரே மூச்சில் புரிந்துகொண்டிருந்தான். பம்புக்குப் பதிலாக அவள் செய்த இந்த இயந்திரத்துக்கு, அவளுடைய கணக்கும் அதையே சொன்னது. கணினித் திரையில் ஆட்டத்தைக் காட்டும் வரைகோட்டின் ஒற்றை மலை கரைந்து, இருபுறமும் இரண்டு சின்ன மேடுகளாக வேண்டும். வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. மலை இம்மியும் இறங்கவில்லை. மோட்டாரை மாற்றினாள், வட்டத்தகட்டை மாற்றினாள், உணர்கருவியை மாற்றினாள். அது அசையாமல் நின்றது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை அவளைவிட நாலைந்து வயது சின்னவள். உயரமும் குறைவு என்பதால் மாணவர்களுக்கு அவள் 'குட்டி மேடம்'. மற்ற மாணவர்கள் இருக்கும்போது "நீங்க எழுதினத பாத்தேன்" என்று விறைப்பாகப் பேசுவாள். அறை காலியானதும் 'அக்கா'வாகிவிடும். திங்கட்கிழமை வந்து இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "கணக்குல தப்பில்லக்கா. மெஷினும் சுத்தமா இருக்கு. எனக்கே புரியல. மாத்திக்கிட்டீங்கன்னா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள். அந்தக் கனிவுதான் அவளை உடைத்துவிட்டது. திட்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருப்பாள்.

"டைட்டக்கா, மணி மூணு" என்றான் கணவன்.

தொழிற்சாலையில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் பூட்டிய பம்பு ஒன்றுகூட நட்டு தளர்ந்து திரும்பி வந்ததில்லை. இறுக்கி, மேலே இன்னொரு பூட்டு நட்டுப் போட்டு, இரண்டையும் சேர்த்துச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுவாள். நட்டு மயிரிழை தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் ஊறுகாய் பாட்டிலை அவள் மூடினால் அவன்தான் திறக்க வேண்டும், அவனாலும் முடியாது.

அவள் பெருமூச்சு விட்டுப் பக்கவாட்டுக் காப்புத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே கையை விட்டு, எடையைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள். சிவப்புக் கோடு. முழு பலத்தையும் கொடுத்துத் திருகியதும் பூட்டு நட்டு கிறீச்சிட்டு இளகியது. பிறகு அடுத்தது. போல்ட் கையோடு வந்தது.

எடை 'டொக்' என்று விடுபட்டு ஆடத் தொடங்கியது.

அவள் கையை வெளியே எடுக்கவில்லை. எடை அவள் விரல்நுனியைத் தொட்டுப் போனது, தொட்டு வந்தது. நிற்கிற மாதிரி இல்லை. தொழிற்சாலையிலிருந்து வண்டியில் கொண்டுவரும்போது குலுங்கிக் கெடாமல் இருக்கட்டும் என்று தற்காலிகமாகப் போட்ட போல்ட் அது. இங்கே இறக்கிவைத்த அன்று தட்டிப் பார்த்தபோது கடகடவென்று சத்தம் வந்தது. சத்தம் வந்தால் அவள் என்ன செய்வாள்? வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தாள்.

தோள்கள் குலுங்குவதைப் பார்த்துக் கணவன் முக்காலியிலிருந்து எழுந்து வந்தான். "ஏய், இதுக்குப் போயி அழுவாங்களா? விடு..."

அவள் திரும்பினாள். கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது ஆடணும்ங்க!"

"எது?"

"இதுதாங்க. ஆடறதுக்குன்னே செஞ்சது. பூட்டிப் போட்டுட்டு, ஏன் ஆட மாட்டேங்குதுன்னு கணக்குப் போட்டுட்டிருந்திருக்கேன்."

அவன் குனிந்து எட்டிப் பார்த்தான். அவள் கையிலிருந்த நட்டைப் பார்த்தான். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். "ஊர்ல இருக்கற நட்டையெல்லாம் இறுக்குனியே தாயே, இது ஒண்ணயாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா!" அதற்குமேல் அவனாலும் பேச முடியவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு, சண்டையோ என்று குட்டி மேடம் ஓடிவந்தாள். அவள் நீட்டிய நட்டையும் போல்ட்டையும் வாங்கிப் பார்த்தாள். ஆடும் எடையைப் பார்த்தாள். மறுபடியும் நட்டைப் பார்த்தாள். கணவன்கூடச் சிரிப்பை நிறுத்தி எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, இத நான் போட்டோ எடுத்து ஜூனியருக்கெல்லாம் காட்டினேன்."

"எதுக்கு மேடம்?"

"நட்டுன்னா இப்படி இறுக்கணும்னு."

மூன்று பேரும் அடங்க வெகுநேரம் ஆனது. முதலில் பேராசிரியை ஆனது குட்டி மேடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு. இதுவரைக்கும் எடுத்த ரீடிங் எதுவும் செல்லாது. எல்லாம் முதல்லேர்ந்து. இன்னொரு செமஸ்டர் இழுக்கும். அப்பவும் கணக்குக்கு ஒத்து வருமான்னு என்னால சொல்ல முடியாது" என்றாள்.

"ஆபீஸ் அஞ்சு வரைக்கும் இருக்கு" என்றான் கணவன். இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் சொன்னான். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான்.

அவள் நட்டையும் போல்ட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காப்புத் தகட்டைத் திரும்பப் பூட்டினாள். பிறகு ஏதோ நினைத்தவளாக அதைக் கழற்றித் தரையில் வைத்தாள்; எடை கண்ணுக்குத் தெரியட்டும். உணர்கருவிகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகினாள். குட்டி மேடம் கேட்காமலே கணினி முன் போய் உட்கார்ந்தாள். கணவன் எப்போது வெளியே போனான் என்று இருவருமே பார்க்கவில்லை.

மோட்டார் முனகிக்கொண்டு எழுந்தது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். இத்தனை வாரமும் சட்டம் உதறத் தொடங்கிய அந்த வேகம் நெருங்கியபோது, பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐந்தடித்ததை யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தவர்கள் சொல்லவில்லை.

கணவன் மூன்று கண்ணாடி டம்ளர்களில் தேநீரோடு வந்தான். வைக்க இடம் தேடி, அந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் சட்டத்தின் மேலேயே யோசிக்காமல் ஒன்றை வைத்தான்.

"லேப்ல டீயா? அதுவும் மெஷின் மேல..." என்று ஆரம்பித்த குட்டி மேடம் பாதியில் நிறுத்திவிட்டாள்.

சட்டத்துக்குக் கீழே எடை, பிடிபட்ட மீனைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தது. மேலே, விளிம்பு வரை நிரம்பிய தேநீரில் உத்தரத்துக் குழல்விளக்கின் பிம்பம் ஒரு சுருக்கம் இல்லாமல் நேராக விழுந்து கிடந்தது.