ஊரு எது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் நவமணிக்கு ஈப்போ கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அட்டைப்பெட்டிகளில் "மலேசியா" என்று முத்திரை குத்த வேண்டும். அன்று லாரியில் வந்து இறங்கியது தாய்லாந்து ரப்பர் பால்.

"சயாம் பாலுக்கும் இதே முத்திரைதானா?"

"கேட்டைத் தாண்டிட்டா எல்லாம் மலேசியாதான் லா, அக்கா," என்றாள் பக்கத்தில் பெட்டி ஒட்டிய சக்கீனா. "பாலுக்கிட்ட யாரு ஐசி கார்டு கேக்குறா?"

நவமணி சிரிக்கவில்லை. சட்டைப் பையில், சிறுவயதுத் தோழி செல்லாயி இந்தியாவிலிருந்து எழுதிய கடிதம் இருந்தது. பழைய லகாட் ரப்பர் தோட்ட விலாசத்துக்குப் போய், சுற்றிக்கொண்டு வந்த கடிதம்.

"நவமணியக்கா, இங்க மிஷன் ஆஸ்பத்திரியிலே கூட்டுறேன். யாரோ தானமா அனுப்பின கையுறைப் பெட்டியிலே ஈப்போன்னு போட்டிருக்காம், நர்ஸம்மா படிச்சாங்க. காலிப் பெட்டியைக் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். அது வந்துருச்சு, எனக்குத்தான் அங்க வர வழியில்லை. என் குடியுரிமைப் பாரத்திலே அப்படி என்னக்கா தப்பு?"

என்ன தப்பு என்று நவமணிக்குத் தெரியும். எழுபதில், குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தபோது, செல்லாயியின் குடியுரிமைப் பாரத்தை நிரப்பியவள் நவமணிதான்.

"ஊரு எது?" என்று அன்று கேட்டாள் நவமணி.

"நாமக்கல்."

தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்பன் கப்பலேறிய ஊரைத்தான் சொல்வார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் நவமணி அதையே எழுதிவிட்டாள். செல்லாயி பிறந்ததோ லகாட் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் நவமணிக்கு அடுத்த வீட்டில். மை காய்வதற்குள் நினைவு வந்தது. புதுப் பாரம் வாங்க மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அன்று சாயங்காலம் நவமணியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"சரியா எழுதிட்டியாக்கா?"

"எழுதிட்டேன். வா, போலாம். பஸ் போயிரும்."

விண்ணப்பம் தள்ளுபடியாகி, பெர்மிட்டும் கிடைக்காமல், அடுத்த வருஷம் செல்லாயி கப்பலேறினாள், கண்ணால் பார்த்திராத நாமக்கல்லுக்கு.

"யாரு காயிதம்க்கா?" என்றாள் சக்கீனா, பையில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து.

"கூட்டாளி."

"ஊருலேருந்தா?"

நவமணி முத்திரையைக் கீழே வைத்தாள். "அவ ஊரு லகாட்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வான்கடிதத் தாளை விரித்தாள். "செல்லாயி, தப்பு உன்னுது இல்லை. நான் பண்ணினேன். தெரிஞ்சும் திருத்தலை" என்று தொடங்கி, பெண் பார்க்க வந்ததுவரை எழுதினாள். மடித்து ஒட்டினாள். விலாசம் பாக்கி இருந்தது.

செல்லாயி என்று எழுதினாள். அதன் கீழே, இரண்டாம் முறையாக, தன் கையால் நாமக்கல் என்று எழுத வேண்டியிருந்தது.